பீரோ சாவி யாரிடம்?

ஏற்காடு போனவர்கள் லேடீஸ் சீட்டைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். இருட்டியபிறகு அங்கே நின்று கீழே பார்த்தால் சேலம் தெரியும். தெருவோ வீடோ தெரியாது. வெறும் விளக்குகள். ஒரு மூட்டை வெளிச்சத்தை யாரோ அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனாற்போல. பகலில் மேகமில்லாமல் இருந்தால் தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம்கூடக் கண்ணில் படும். அந்த அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-ல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆக, சேர்வராயன் மலையில் வளரும் ஒரு பிள்ளைக்கு மின்சாரம் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. எங்கே பிறக்கிறது, எங்கே போய் எரிகிறது என்று வேடிக்கை பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் மின்சாரம் வேறு, எலக்ட்ரானிக்ஸ் வேறு. ஃபேனைச் சுற்றவைப்பது மின்சாரம். ரிமோட்டில் மூன்று என்று அழுத்தினால் மூன்றாம் நம்பர் வேகத்தில் சுற்றவைப்பது எலக்ட்ரானிக்ஸ். முன்னது உழைக்கும். பின்னது சொன்னதைக் கேட்டுக்கொண்டு, முன்னதை வேலை வாங்கும். இன்றைக்கு உலகத்தை நடத்திக்கொண்டிருப்பது இரண்டாவது ஆசாமிதான்.

இப்போது ஒரு கேள்வி. அந்த மலையில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ, எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளவேண்டும் என்று வந்து நின்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? புத்தகத்திலிருந்தா? கம்ப்யூட்டரிலிருந்தா? லட்ச ரூபாய் லேப் வேண்டுமா?

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால் ஜெர்மனி, மதராஸ், கோயமுத்தூர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பி ஏற்காடு மலையேற முடியும். வாருங்கள்.

முதலில் ஜெர்மனி. வருடம் 1817. கொலோன் நகரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு கணக்கும் இயற்பியலும் எடுக்க ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். வயது 28. அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். தானாகவே கணிதம் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பூட்டுக்காரர் மகனின் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம்.

ஆமாம், அவரேதான். பத்தாம் வகுப்பில் நீங்களும் நானும் மனப்பாடம் செய்து ஒப்பித்த ஓம் விதியின் சொந்தக்காரர்.

அந்த விதி ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. அதற்கான பரிசோதனைகள் நடந்தது ஒரு ஸ்கூல் லேபில். கொலோன் பள்ளியில் நல்ல பரிசோதனைச் சாலை இருந்தது. வாத்தியார் வேலை போக மிச்ச நேரத்தில் ஓம் அங்கே வெவ்வேறு நீளத்தில் கம்பிகளை வைத்துக்கொண்டு மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தார். அந்தக்கால பாட்டரி ஒரு நிலையில் நிற்காது. அளக்க அளக்க இறங்கும். சலித்துப்போய் வேறு வழி பார்த்தார். இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் கொஞ்சமாக, ஆனால் நிலையாக மின்சாரம் வரும். அதை வைத்து அளந்தார். கணக்கு படிந்தது. அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும், தடை கூடினால் ஓட்டம் குறையும்.

1827-ல் புத்தகமாகப் போட்டார். சொந்த ஊரில் பெரிய வரவேற்பு இல்லை. மனம் நொந்து வேலையை விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி வந்து சேர்ந்தபோது 1852 ஆகிவிட்டது. இரண்டே வருடத்தில் இறந்துபோனார். 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை வைத்தது.

இந்தக் கதையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தேவைப்படும். லேப் இருந்தது. அது திறந்தும் இருந்தது.

ஓம் வந்துவிட்டால் அடுத்து கிர்க்காஃப் வந்தே தீரவேண்டும். 1845-ல் அவர் இன்னும் மாணவர். வயது 21. மின்சுற்றுகள் பற்றி இரண்டு விதிகள் சொன்னார். நான் பி.காம். படித்தவன். இயற்பியல்காரர்கள் இந்த விதிகளை விளக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு சந்திப்புக்குள் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ, அவ்வளவும் வெளியே போயாகவேண்டும். பாட்டரி கொடுத்த வோல்ட் மொத்தமும் சுற்றுக்குள்ளேயே செலவுக் கணக்கில் வந்தாகவேண்டும். அட, இதைத்தானே லூக்கா பசியோலி 1494-லேயே பேரேட்டுக்கு எழுதி வைத்தார்? பற்று, வரவு. இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும். ஆகாவிட்டால் எங்கேயோ எதையோ விட்டிருக்கிறாய், போய்த் தேடு.

கடைக் கணக்கு எழுதத் தெரிந்த யாரும் எலக்ட்ரானிக்ஸுக்குப் பயப்படவேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸ் எப்படிக் கால் வைத்தது? பள்ளிக்கூடம் வழியாக இல்லை. ஒரு கிளப் வழியாக.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்று ஒருவர். இங்கிலாந்திலிருந்து திரும்பி வரும்போது சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றுக்கான பாகங்களை வாங்கிக்கொண்டு வந்தார். மதராஸில் உட்கார்ந்து அதைக் கோத்தார். 1924 மே மாதம் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் உதயமானது. ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. அந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமோ? 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று சாப்பிடுகிற கரண்ட். அரசாங்க வானொலி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குப் பதினான்கு வருடம் முன்னால் நடந்த சங்கதி இது.

மூன்று வருடம் தாக்குப் பிடித்தார்கள். 1927 அக்டோபரில் காசு தீர்ந்தது. கடையைக் கட்டிவிட்டு டிரான்ஸ்மிட்டரை மதராஸ் கார்ப்பரேஷனிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் கார்ப்பரேஷன் ஒலிபரப்ப ஆரம்பித்தது. மாலையில் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி. பள்ளி நாள்களில் சாயங்காலம் நாலு முதல் நாலரை வரை கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்காக சங்கீத பாடமும் கதையும்.

கவனியுங்கள். ரேடியோ பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் எப்படி வந்தது? கேட்பதற்கு வந்தது. திறந்து பார்ப்பதற்கு இல்லை. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து பாட்டு கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை.

திறந்து பார்த்தே தீருவேன் என்று கிளம்பிய ஒருவர் கோயமுத்தூரில் இருந்தார். ஜி.டி. நாயுடு. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்குச் சரிப்படவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? ம்ஹும். அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினார்.

அதுதான் அவருடைய முதல் வகுப்பு. அதன்பிறகு பஸ் விட்டதும், மோட்டார் செய்ததும், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தரமுடியும் என்று 1941-ல் அறிவித்ததும் தனிக்கதைகள். நமக்கு வேண்டியது 1945. அந்த வருடம் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தவர் நாயுடு. எஞ்சினீயரிங் படிக்க நாலு வருடம் எதற்கு, கையில் வேலையைக் கொடுத்தால் இரண்டு வருடம் போதுமே என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு விலகிவிட்டார்.

அவர் சொன்ன காலக்கணக்கு சரியா, தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் அங்கே மோதிக்கொண்டது இரண்டு வருடமும் நாலு வருடமும் அல்ல. கையும் புத்தகமும்.

தமிழ்நாட்டில் கை என்றாலே சண்டைதான். இதற்கு நாம் சேலத்து வக்கீல் ஒருவரைச் சந்திக்கவேண்டும்.

ராஜாஜி சேலத்தில் வக்கீலாகத் தொழில் செய்தவர். அந்த நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். 1953-ல் முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் மூன்று மணி நேரம் படித்தால் போதும். மிச்ச நேரம் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். கையால் வேலை செய்யப் பழகவேண்டும் என்கிற எண்ணம் புதிதல்ல. காந்தி 1937-லேயே பேசியதுதான். ஆனால் வீட்டுத் தொழில் என்று சொல்லும்போது என்ன ஆகிறது? செருப்புத் தைப்பவர் மகன் செருப்பு தைக்கவேண்டும். சலவைக்காரர் மகன் துணி வெளுக்கவேண்டும். குமாஸ்தா மகன்? அவன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பான்.

பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே திட்டத்தைப் பாதி சாய்த்துவிட்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி போய் காமராஜர் வந்தார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. நியாயமான முடிவு. அந்தத் திட்டம் பிள்ளையின் கையை அப்பாவின் கையோடு சேர்த்துக் கட்டியது.

ஆனால் அதற்குப்பின் ஒன்று நடந்தது. கைவேலை என்றாலே பள்ளிக்கூடங்களில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. நல்ல மாணவன் என்றால் புத்தகம். கையால் செய்கிறவன் என்றால் மார்க் வராதவன். லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான கமிஷன் 1953-ல், உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்நுட்பம், வணிகம், விவசாயம் என்று பல பாதைகள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. எலக்ட்ரானிக்ஸும் உள்ளே நுழைந்தது. பாதை போட்டாயிற்று. யார் அதில் போவது? உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவர்கள்.

விளைவு வேடிக்கையானது. ஃபர்ஸ்ட் குரூப் மாணவன் ப்ளஸ் டூ இயற்பியலில் டயோடு, டிரான்சிஸ்டர் எல்லாம் படித்து எழுதிவிடுவான். ஆனால் செத்துப்போன டார்ச் லைட்டைத் திறக்கத் தயங்குவான். தொழிற்பிரிவு மாணவன் திறந்துவிடுவான். ஆனால் அவனை மெக்கானிக் என்பார்கள், மாணவன் என்று சொல்ல மாட்டார்கள். ரிச்சி தெருவிலும் ஊர் ஊருக்கு இருந்த ரேடியோ ரிப்பேர் கடைகளிலும் தமிழ்நாட்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொடுத்த ஆசான்களுக்கு நாம் எந்தப் பட்டமும் கொடுத்ததில்லை.

இங்கேதான் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெசவுக்குக் குலம் உண்டு. மண்பாண்டத்துக்கு உண்டு. தச்சுக்கு உண்டு. சால்டரிங்குக்கு? எந்தக் குலத்துக்கும் அது பரம்பரைத் தொழில் கிடையாது. யாருடைய தாத்தாவும் ரெசிஸ்டர் கலர் கோடு படித்ததில்லை. கையால் செய்தாகவேண்டிய, ஆனால் எந்த ஜாதியின் பெயரும் ஒட்டாத ஒரு வேலை. 1953-ல் சண்டை போட்ட இரண்டு தரப்புமே மறுக்க முடியாத கைத்தொழில் இருக்குமானால் அது இதுதான். பள்ளிக்கூடம் இதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருக்க வேண்டாமா?

இப்போது திரும்ப மலையேறலாம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள்.

ஏற்காட்டில் 1894 முதல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் இருக்கிறது. 1917 முதல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. ஓம், கொலோன் பள்ளியில் கால் வைத்துச் சரியாக நூறு வருடம் கழித்து. நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த பள்ளி. அதே மலையில் பழங்குடி மலையாளி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் உண்டு உறைவிடப் பள்ளிகள். ஒரே பனி, ஒரே மழை, ஒரே இடி. இரண்டு வகைப் பள்ளிக்கூடம்.

இந்த மலை எலக்ட்ரானிக்ஸுக்கு அந்நியமும் அல்ல. இங்கே வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் ஆலையில் பல வருடம் அலுமினியமாக உருகியது. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினால் பின்பக்கம் சீப்பு மாதிரி ஒரு உலோகத்துண்டு இருக்கும், சூட்டைத் தணிப்பதற்காக. அது அலுமினியம். மலை தன் பங்கைக் கொடுத்தாயிற்று.

மலைப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2005-ல் இத்தாலியில் ஆர்டுயினோ என்கிற சின்னப் பலகையைச் செய்தார்கள். எஞ்சினீயர் அல்லாதவர்களும் பழகலாம். 2016-ல் பிரிட்டனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். சுமார் பத்து லட்சம் பேருக்கு. அதே வருடம் இந்தியாவில் அடல் டிங்கரிங் லேப் திட்டம் ஆரம்பமானது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய். அதில் பாதி லேப் அமைக்க, பாதி ஐந்து வருடம் நடத்த. இப்படிப் பத்தாயிரம் பள்ளிகள். 2025 மத்திய பட்ஜெட்டில், ஐந்து வருடத்துக்குள் இன்னும் ஐம்பதாயிரம் அரசுப் பள்ளிகளில் அமைப்போம் என்று அறிவித்தார்கள்.

நல்லது. ஆனால் முதல் வகுப்புக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்லை. ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்று. சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று. மஞ்சள், ஊதா, பழுப்பு என்று கோடு போட்ட ரெசிஸ்டர் ஒன்று. கலர் கோடில் அதற்கு 470 ஓம் என்று அர்த்தம். செருகிப் பார்க்க ஒரு பிரெட்போர்டு. அந்தக்கால ரேடியோப் பைத்தியங்கள் நிஜமாகவே ரொட்டி நறுக்கும் பலகையில் ஆணியடித்துச் சுற்று அமைத்ததால் வந்த பெயர். நம் ஊரில் பிறந்திருந்தால் சப்பாத்திப் பலகை என்றே அழைத்திருப்போம்.

எல்.ஈ.டி.யின் நீளமான கால் ப்ளஸ். சிவப்பு எல்.ஈ.டி. சுமார் இரண்டு வோல்ட்டைச் சாப்பிடும். மிச்சம் ஏழு. ஏழை 470-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 15 மில்லி ஆம்பியர். அளவான சாப்பாடு. விளக்கு எரியும். ஓம், கிர்க்காஃப் இரண்டு பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தில் ஆஜர்.

இப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும். சார், ரெசிஸ்டர் இல்லாமல் குடுத்தா என்ன ஆகும்?

முதல் வகுப்பு இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. இதற்கு வாத்தியார் என்ன சொல்கிறார் என்பதில்தான் அந்த வகுப்பின் தலையெழுத்தே இருக்கிறது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாமல், தள்ளி வைத்துச் செய்து பார் என்று சொன்னால், எல்.ஈ.டி. ஒரு கணம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்துவிட்டுச் செத்துப்போகும். தடை குறைந்தால் ஓட்டம் கூடும் என்பதை அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. நஷ்டம் ஓரிரு ரூபாய். இதையே வீட்டு ப்ளக் பாயின்டில் செய்து பார்க்கக்கூடாது என்பதையும் அந்த நிமிடத்திலேயே சொல்லிவிடலாம். புரியும்.

அதைத் தொடாதே என்று சொன்னால்? பீரோவைப் பூட்டவேண்டியதுதான்.

வாத்தியார்கள் ஏன் பூட்டுகிறார்கள்? கெட்ட எண்ணத்தினால் இல்லை. ஸ்டாக் ரெஜிஸ்டர். அரசாங்கத்தில் ஒரு பொருள் உள்ளே வந்தால் பதிவேட்டில் ஏறும். ஆடிட் வரும்போது நாற்பது இருந்ததே, பதினேழு எங்கே என்று கேட்டால் பொறுப்பான ஆசிரியர்தான் பதில் சொல்லவேண்டும். யார் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? பூட்டிய பீரோவில் எல்லாம் எண்ணிக்கை மாறாமல் இருக்கும். கணக்கு டேலி ஆகும். பிள்ளைகள் மட்டும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கணக்குப் படித்தவன் என்கிற உரிமையில் ஒரு யோசனை. பதிவேட்டில் இரண்டு வகை உண்டு. நாற்காலி, பீரோ மாதிரி நிற்கிற பொருள். சாக்பீஸ், பேப்பர் மாதிரி தீர்கிற பொருள். சாக்பீஸ் தேய்ந்ததற்கு எந்த ஆடிட்டரும் விளக்கம் கேட்பதில்லை. தேயத்தான் வாங்கினோம். எல்.ஈ.டி., ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், பாட்டரி அத்தனையையும் சாக்பீஸ் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எரிந்து போவதற்காகவே வாங்கியவை என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆசிரியர் நிம்மதியாகச் சாவியை மேசைமேல் வைப்பார். லட்சங்கள் செலவழித்து லேப் திறக்கிற ஒவ்வொரு பள்ளியிலும், ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு பக்கம் எழுதப்படவேண்டும்.

பணம் உள்ள வீட்டுப் பிள்ளை, பள்ளி பூட்டினாலும் ஆன்லைனில் கிட் வரவழைத்துக்கொள்ளும். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த பீரோ ஒன்றுதான் கதி.

வருடக் கடைசியில் ஆடிட்டுக்கு வருகிறவர் பதிவேட்டைப் புரட்டட்டும். எல்.ஈ.டி. வாங்கியது நாற்பது, எரிந்தது இருபத்து மூன்று என்று இருந்தால் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். வாங்கியது நாற்பது, இருப்பு நாற்பது என்று இருந்தால்தான் பேனாவை மூடிவைத்துவிட்டு அவர் விளக்கம் கேட்கவேண்டும்.